வாசகர் கேள்விகள்: உடன் பணியாற்றியவரை நினைவுகூர்தல்

கேள்வி: ஒரே அரச அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பக்கத்து மேசையில் இருந்த என் நண்பரின் ஆட்டைத் திவசம் வருகிறது. முப்பத்தோராம் நாள் வெளியிட்ட கல்வெட்டு என்னும் நினைவு நூலில் குடும்பத்தார் எழுதினார்கள். இப்போது வெளியிடும் நினைவு மலரில் அலுவலக நண்பர்கள் சார்பில் ஒரு பக்கம் எழுதித் தருமாறு அவருடைய மனைவி என்னைக் கேட்டிருக்கிறார். எழுத உட்கார்ந்தால், ‘பண்பின் சிகரம், இன்முகத்தின் இருப்பிடம்’ என்றே பேனா ஓடுகிறது. வாசித்துப் பார்த்தால் அதில் அவர் இல்லை. சுனாமிக்குப் பிறகு ஆவணங்களை இழந்து வந்தவர்களுக்கு விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக் கொடுத்து, மூதூர் லோஞ்சு (பயணிகள் படகு) புறப்படும் நேரத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பாரே, அந்த மனிதரை எப்படி எழுதுவது?
– இலிகிதர் ஒருவர், உவர்மலை

பதில்: அந்தத் துண்டுக் காகிதத்திலிருந்தே தொடங்குங்கள். அதை எழுதும்போது, இன்றைய இளைஞருக்கு விளங்கும்படி இரண்டு வரி விளக்கமும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அந்த ஊரவர்கள் பாதை என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறித்தான் களப்பைக் கடந்தார்கள் என்பதும், மூதூர்க்காரருக்குக் கடைசி லோஞ்சைத் தவறவிடுவது சிறிய விடயம் அல்ல என்பதும் தெரியாதவருக்கு, உங்கள் நண்பர் ஏன் நேரத்தை எழுதிக் கொடுத்தார் என்பது புரியாது. வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பிறப்புச் சான்றிதழ் கேட்டு வரிசையில் நின்ற ஒருவர் அன்றிரவு எங்கே படுப்பார் என்று ஓர் அரச உத்தியோகத்தர் யோசித்திருக்கிறார். அதைச் சொல்லிவிட்டால் ‘பண்பின் சிகரம்’ என்ற தொடருக்கு வேலையே இராது.

நம்முடைய கல்வெட்டுகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. விநாயகர் துதியும், இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைப் பாட்டில் அடைத்துச் சொல்லும் திதி வெண்பாவும், வாழ்க்கை வரலாறும், மனைவி மக்கள் புலம்பலும், திருமுறைப் பாடல்களும், நன்றி நவிலலும் அதில் வரும். திதி வெண்பாவை நான் மதிக்கிறேன். அடுத்தடுத்த ஆண்டுகளில் திவச நாளைக் கணிப்பதற்குப் பேரப்பிள்ளைகளுக்கும் அது உதவும். புலம்பல் பகுதி அப்படியல்ல. ஏற்கெனவே அச்சான புலம்பலில் பெயரை மட்டும் மாற்றிப் போடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தை அதற்காகக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஓராண்டு கழித்து எழுதும் நண்பருக்கு அந்தச் சலுகை இல்லை.

அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 235ஆவதாக உள்ளது. ஏழு அரசரை வென்றவன் என்று பெயர் பெற்றவனைப் பற்றிய அந்தப் பாட்டு, போர்க்களத்திலிருந்து தொடங்கவில்லை. சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்கி, இறைச்சி கிடைக்கும் இடமெல்லாம் எமக்குக் கொடுத்ததையும், அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் தானே நின்றதையும் சொல்லி, நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவானே என்று போகிறது. வீரம் அதில் ஒரு வரி, மற்றவை கூட இருந்து உண்டவருக்கு மட்டுமே தெரிந்தவை. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அதியமானை நாம் ஓர் ஆளாகக் காண்பதற்கு அந்த வரிகளே காரணம் என்பது என் எண்ணம்.

குடும்பத்தார் அறியாத எட்டு மணி நேரத்தை நாள்தோறும் பார்த்தவர் நீங்கள். பிள்ளைகளுக்கு அவர் அப்பா. கோப்பு ஒன்று காணாமற் போனால் அவர் முகம் எப்படி மாறும், மேலதிகாரி தவறாகக் கையொப்பம் கேட்டபோது என்ன சொன்னார், மதியச் சாப்பாட்டை யாருடன் பகிர்ந்தார் என்பவை அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தவற்றோடு நின்றுவிடாமல், அலுவலக உதவியாளரையும் காவலாளியையும் கேளுங்கள். உத்தியோகத்தர்களிடம் காட்டாத முகத்தைச் சிலர் அவர்களிடந்தான் காட்டுவார்கள். அவர் கோபக்காரராக இருந்திருந்தால் அதையும் ஓரிரு வரியில் சொல்லலாம், அறிந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாசிப்பார்கள். அவர் உங்களை நம்பிச் சொன்ன கடன், நோய், குடும்பச் சங்கடம் ஆகியவற்றுக்கு மட்டும் மலரில் இடமில்லை. எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவருடைய மனைவியிடம் வாசித்துக் காட்டுங்கள். பதவிப் பெயர்களையும் ஆண்டுகளையும் அலுவலகக் கோப்பிலேயே சரிபார்க்க முடியும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத்துக்கான கோப்பு இன்னும் முடியாமல் எங்காவது கிடந்தால், மரணச் சான்றிதழையும் விவாகச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு அந்த அம்மா தனியே அலையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவரின் வீட்டுக்கு அதையாவது அவருடைய அலுவலகத்தார் செய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் கணிதம் கற்பித்த கிண்ணியா நண்பர் அண்மையில் காலமானார். அன்று மாலையே ஜனாஸா நல்லடக்கம் நடந்துவிட்டதால் எங்களில் பலரால் போக முடியவில்லை. பாடசாலையில் அவருடைய படத்துக்கு மாலை அணிவித்து, விளக்கேற்றி அஞ்சலி செலுத்த விரும்புகிறோம். இது சரியாகுமா?
– ஆசிரியை, தம்பலகாமம்

பதில்: உங்கள் அன்பில் பிழையில்லை. ஆனால் படமும் மாலையும் விளக்கும் நம் வீட்டு வழக்கங்கள். காலம் தாழ்த்தாது அடக்கம் செய்து, மூன்று நாளோடு துக்கத்தை முடித்துக்கொள்வதே முஸ்லிம்களுடைய மார்க்க முறை. மனைவிக்கு மட்டும் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்னும் காத்திருப்புக் காலம் உண்டு. அவருடைய மகனோ சகோதரரோ உங்கள் மண்டபத்துக்கு வந்து, மாலையிட்ட படத்துக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நிலையை ஏற்படுத்தாதீர்கள். படமும் விளக்கும் இல்லாமலே கூட்டம் வைக்கலாம். உடன் கற்பித்தவர்கள் பேசலாம், அவரிடம் கணிதம் படித்துத் தேறிய பழைய மாணவர் ஒருவரை அழைக்கலாம், முடிவில் முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் துஆ ஓதலாம். கூட்டத்தைப் பற்றி முன்கூட்டியே குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆசிரியைகள் சேர்ந்து அவருடைய மனைவியைப் போய்ப் பாருங்கள். இத்தாவில் இருக்கும் பெண்ணைப் பெண்கள் சந்திப்பதற்குத் தடையில்லை. அவர் பெயரால் நிலையாக ஏதேனும் செய்ய விரும்பினால், ஸதகதுல் ஜாரியா என்று அவர்கள் சொல்லும் தொடர் தர்மம் இருக்கிறது. பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஒரு குடிநீர்க் குழாய் அமைத்துக் கொடுப்பதும் அதில் அடங்கும். மலர்வளையத்துக்குச் சேர்த்த காசு இருந்தால் அதற்குப் போடுங்கள்.

கேள்வி: என்னோடு வேலை செய்த நண்பனின் அந்தியேட்டியைக் கன்னியாவில் செய்தார்கள். நானும் போயிருந்தேன், ஆனால் உறவினன் அல்லாததால் ஒதுங்கி நின்றேன். வருகிற ஆடி அமாவாசையில் அவனுக்காக எள்ளும் தண்ணீரும் இறைக்க எனக்கு உரிமை உண்டா?
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்ற ஐதீகத்தால் கன்னியா வெந்நீரூற்றடியில் அந்தியேட்டி செய்வது நம் ஊர் வழக்கம். அந்தக் கிரியை பிள்ளைகளுக்கும் உரிமையுள்ள உறவினருக்கும் உரியது, ஒதுங்கி நின்றது முறைதான். தருப்பணத்தில் நிலைமை வேறு. காருண்ய பிதிர்கள் என்னும் வரிசையில் ஆசிரியரையும் நண்பரையும் சேர்த்துத் தருப்பணம் செய்யும் முறை இருக்கிறது. ஆடி அமாவாசை தந்தையை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள் என்பதால், உங்கள் தகப்பனார் உயிரோடு இருந்தால் அன்று நீங்களாக எதையும் தொடங்க வேண்டாம். அவர் இல்லையென்றால், அவருக்குச் செய்யும்போதே நண்பனின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாமா என்று குருக்களிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்; அன்றைய நெரிசலில் நின்று கேட்க அவருக்கும் நேரம் இராது, உங்களுக்கும் இராது.