படிப்பா, களமா? ஜென்னி லீ வந்த வழி

அரசியலில் ஈடுபட நினைக்கும் இளைஞர் முதலில் படிப்பை முடிக்க வேண்டுமா, நேராகக் களத்தில் இறங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்தின் சோஷலிஸ்டுகளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர், பிரிட்டனில் லேபர் கட்சி அமைச்சராக இருந்த ஜென்னி லீ. வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவன் நான். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எப்படி உருவானது என்று தேடிப் படித்தபோதுதான், அதற்காகப் போராடிய அமைச்சர் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் என்று அறிந்தேன்.

அவர் 1904-இல் ஃபைஃப் மாவட்டத்தின் லாக்கெல்லி என்ற சுரங்க ஊரில் பிறந்தார். பாட்டனார் மைக்கேல் லீ சுரங்கத் தொழிற்சங்கத்தில் உழைத்தவர். லேபர் கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான கெயர் ஹார்டியின் நண்பர். தந்தை, அப்போது லேபர் கட்சியோடு இணைந்திருந்த சோஷலிஸ்ட் கட்சியான சுதந்திரத் தொழிலாளர் கட்சிக்காரர். 1914-இல் மூண்ட உலகப் போரை அக்கட்சி வெளிப்படையாக எதிர்த்தது. ஆகவே, ஊரே போரை ஆதரித்த காலத்தில், சிறுபான்மையாக நின்று பேசுவது என்றால் என்ன என்பதை அந்தப் பத்து வயதுச் சிறுமி வீட்டிலேயே கண்டாள். ஏதோ ஒரு நூலைப் படித்து ஒரே இரவில் சோஷலிஸ்டானவர் அல்லர் அவர்; கொள்கை அந்த வீட்டில் அன்றாடப் பேச்சாக இருந்தது.

ஆனால் வீட்டில் கிடைத்த கொள்கை மட்டுமே ஒருவரைச் செயல்பாட்டாளர் ஆக்கிவிடாது என்பது என் கருத்து. பள்ளியில் சிறந்து விளங்கிய ஜென்னி, எஃகுத் தொழிலதிபர் கார்னெகி நிறுவிய அறக்கட்டளையின் உதவியோடு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சுரங்க ஊர்ப் பெண்ணுக்குப் படிப்பு என்பது ஊரை விட்டு மேலேறிப் போகும் ஏணி. ஏறியவர் திரும்பி வராமல் போவதும் உண்டு. அவரைத் திரும்ப இழுத்தது 1926.

அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் நிலக்கரித் தொழிலுக்கான அரசு மானியம் நின்றது. கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்ட முனைந்த சுரங்க முதலாளிகள், உடன்படாத தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகத் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் ஒன்பதே நாட்களில், மே 12 அன்று கைவிடப்பட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் தனியே, ஏறத்தாழ ஏழு மாதம் தாக்குப்பிடித்தார்கள். பொதுச் சமையல் கூடங்களின் கஞ்சியில் குடும்பங்கள் நாளைக் கடத்தின. ஜென்னிக்கு அது இறுதித் தேர்வுக் காலம். தேர்வு முடியும் வரை புத்தகங்களோடு கட்டுண்டு கிடந்ததாகவும், ஊரில் என்ன நடக்கிறதோ என்ற கவலை தன்னை இருளாகச் சூழ்ந்திருந்ததாகவும் பின்னாளில் அவர் எழுதினார். உங்கள் கேள்வியின் இரு பக்கமும் அந்த ஒரே மாதத்தில் அவரை இழுத்திருக்கின்றன. அவர் தேர்வைக் கைவிடவில்லை. எழுதி முடித்ததும் ஊருக்குப் போனார். வெளியே நிறுத்தப்பட்ட தொழிலாளர் குடும்பங்களுக்கு நிதி திரட்ட அயர்லாந்து வரை சென்று மேடைகளில் பேசினார். அந்தப் பேச்சுகளே அவருடைய உண்மையான அரசியல் பள்ளி என்று நான் நம்புகிறேன்: பசித்த குழந்தைகளுக்காகக் கையேந்திப் பேசுபவருக்கு வெற்றுச் சொல் பேச நேரமில்லை. போராட்டம் தோற்றது, முன்னின்ற பலரைச் சுரங்கங்கள் மீண்டும் சேர்க்கவில்லை. ஜென்னி ஆசிரியையாக வேலைக்குப் போனார். ஓய்வு நேரமெல்லாம் கூட்டங்களில் கழிந்தது.

1929 மார்ச்சில் வடக்கு லனார்க்‌ஷயர் இடைத்தேர்தலில் லேபர் வேட்பாளராக நின்று, கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்த தொகுதியை 6,578 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அப்போது வயது 24. முப்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வாக்குரிமை தரும் சட்டம் முந்தைய ஆண்டே நிறைவேறியிருந்தும், அது நடைமுறைக்கு வந்தது மே மாதப் பொதுத்தேர்தலில்தான். ஆகவே தனக்கே வாக்களிக்க முடியாத நிலையில் அவர் உறுப்பினரானார். புதிய உறுப்பினராகத் தன்னை அவைக்குள் முறைப்படி அழைத்துச் செல்ல, சுரங்கத் தொழிலாளர் தலைவர் ராபர்ட் ஸ்மில்லியும் சுதந்திரத் தொழிலாளர் கட்சித் தலைவர் ஜேம்ஸ் மேக்ஸ்டனுமே வேண்டும் என்று உறுதியாக நின்றார். முதல் உரையிலேயே, நிதியமைச்சராக இருந்த சர்ச்சிலின் வரவுசெலவுத் திட்டத்தைக் கடுமையாகத் தாக்கினார்.

1931-இல் தொகுதியை இழந்தார். மறு ஆண்டு சுதந்திரத் தொழிலாளர் கட்சி லேபர் கட்சியிலிருந்து பிரிந்தபோது அதனோடு போனார்; பின்னர் அவரை மணந்த லேபர் நாடாளுமன்ற உறுப்பினர் அனைரின் பெவன் அந்தப் பிரிவை எதிர்த்தவர். அந்த முடிவு தவறு என்றே எண்ணுகிறேன். 1945 வரை அவர் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 1960-களில் அமைச்சராகித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத் திட்டத்தைக் கையிலெடுத்தபோது, அதே பிடிவாதம்தான் உதவியது. நுழைவுத் தகுதி எதுவும் கேட்கக் கூடாது, ஆனால் பட்டத்தின் தரம் மற்றப் பல்கலைக்கழகங்களுக்குச் சிறிதும் குறையக் கூடாது என்பதில் அவர் இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1971 ஜனவரியில் அங்கே வகுப்புகள் தொடங்கின.