மாடியில் ஒரு ரவுட்டர், கீழே ஒரு ரவுட்டர்

கேள்வி: கீழ்வீட்டில் ஃபைபர் நெட் இருக்கிறது. மாடியில் சிக்னல் எட்டாததால் இன்னொரு ரவுட்டர் வாங்கிக் கேபிள் இழுத்து மாட்டினோம். நெட் வந்தது, ஆனால் மாடி லேப்டாப்புக்குக் கீழே உள்ள வைஃபை பிரிண்டர் தெரியவில்லை. கடைத் தம்பி வந்து மாடி ரவுட்டரில் கேபிளை 'வேன்' (WAN – வெளியிலிருந்து நெட் வரும் துளை) போர்ட்டிலிருந்து 'லேன்' (LAN – வீட்டுக் கருவிகளை இணைக்கும் துளை) போர்ட்டுக்கு மாற்றினார். அன்றிலிருந்து நெட் வந்து வந்து போகிறது. மருமகள் மீட்டிங்கில் இருக்கும்போதே அறுந்துவிடுகிறது. புது ரவுட்டர் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தத் தம்பி கேபிளைச் செருகியது சரியான இடத்தில்தான். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைத்தான் விட்டுவிட்டார்.

'வேன்' போர்ட்டில் இருந்தபோது மாடி ரவுட்டர் தனியாக ஒரு நெட்வொர்க் நடத்தியது. அதனால்தான் பிரிண்டர் கண்ணில் படவில்லை. இப்போது மாடியும் கீழும் ஒரே நெட்வொர்க். ஆனால் போன், லேப்டாப்புக்கு நெட்வொர்க் முகவரி (ஓர் அடையாள எண்) கொடுக்கும் டி.எச்.சி.பி. என்ற வேலையை இரண்டு ரவுட்டர்களும் செய்கின்றன. யார் முந்திக்கொள்கிறாரோ அவர் கொடுத்ததுதான் முகவரி. கீழ் ரவுட்டர் கொடுத்தால் நெட் வரும். மாடி ரவுட்டர் கொடுத்தால், 'வெளியே போக என்னிடம் வா' என்று தன்னையே வழியாகக் காட்டும்; அதற்கோ வெளியே போக வழி இல்லை. வைஃபை சின்னம் முழுதாக இருக்கும், ஒரு பக்கமும் திறக்காது.

சரி செய்ய அரைமணி நேரம் போதும். மாடி ரவுட்டரிலிருந்து கீழே போகும் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் இணையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் போட்டு உள்ளே போங்கள். முதலில் ரவுட்டரின் சொந்த முகவரியை மாற்றுங்கள். கீழ் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம், அந்த எண் கீழ் ரவுட்டர் மற்றவற்றுக்குக் கொடுக்கும் வரிசைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது முகவரியில் மறுபடி உள்ளே போய், டி.எச்.சி.பி.யை அணையுங்கள். அப்புறம் பழையபடி கேபிளை லேன் போர்ட்டில் செருகி, எல்லாக் கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

புது முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி ரவுட்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள். என் அண்ணன் வீட்டில் இதை எழுதி வைக்காமல், ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினோம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கீழே உள்ள ஃபைபர் பெட்டியின் ரீசெட் பொத்தானை யாரும் அழுத்த வேண்டாம். நெட் கம்பெனி போட்டுக்கொடுத்த அமைப்பு அழிந்துபோகலாம். பிறகு அவர்கள் ஆள் வரும்வரை வீட்டில் நெட்டே இருக்காது.

இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வையுங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரண்டும் மோதிக்கொள்ளாமல் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11 என்று சேனலைப் பிரித்துவிடுங்கள். மருமகளின் மேசை ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் அவர் லேப்டாப்புக்கு வைஃபையே வேண்டாம். மாடி ரவுட்டரில் காலியாக இருக்கும் லேன் போர்ட்டிலிருந்து சின்னக் கேபிள் ஒன்று போட்டுக்கொடுங்கள்.