கார் கேள்வி-பதில்: ஸ்போர்ட்ஸ் காருக்கு பேட்டரி மாற்ற லட்சம் ரூபாய் வேண்டுமா?

கேள்வி: 2015 மாடல் பிஎம்டபிள்யூ எம்4 செகண்ட் ஹேண்டில் வாங்கினேன் சார். வாரத்துக்கு ஒரு முறைதான் எடுப்பேன். இப்போது பேட்டரி போய்விட்டது. அது லித்தியம் பேட்டரி, புதிதாகப் போட ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். குறைந்த செலவில் வேறு வழி உண்டா? சாதாரண பேட்டரி போட்டால் கார் கெட்டுப்போகுமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வழி இருக்கிறது. ஆனால் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால், பேட்டரி உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். எம்3, எம்4 கார்களில் எடை குறைய வேண்டும் என்பதற்காக 69 ஆம்பியர்-அவர் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) லித்தியம் பேட்டரி வைத்தார்கள். இதில் நம் மெக்கானிக்குகள் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஈயப் பேட்டரியில் மீட்டர் 12.5 வோல்ட் காட்டினால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம், லித்தியத்தில் அதே 12.5 என்றால் ஏறக்குறைய காலி என்று அர்த்தம், நன்றாக சார்ஜ் ஏறியிருந்தால் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். அதனால் லித்தியம் மோடு உள்ள சார்ஜரை (சாதாரண சார்ஜர் கூடாது) ஒரு ராத்திரி முழுக்கப் போட்டுப் பாருங்கள். சார்ஜ் ஏறி நின்றுவிட்டால் சார்ஜர் விலையோடு செலவு முடிந்தது.

ஏறவில்லை என்றால் ஏஜிஎம் பேட்டரிக்கு மாறிவிடுங்கள். இதுவும் ஈயப் பேட்டரிதான், ஆனால் ஆசிட் உள்ளே கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும். வெளிநாடுகளில் எம்4 வைத்திருக்கும் பலர் இப்படித்தான் மாற்றிக்கொண்டார்கள், லித்தியத்தின் விலையில் கால் பங்குகூட வராது. எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும், ரேஸ் டிராக்கில் ஓட்டாதவருக்கு அது தெரியப்போவதில்லை. பேட்டரி சைஸைக் குறிக்கும் எழுத்தைப் பாருங்கள்: எல்4 என்றால் நீளம் 315 மி.மீ., 80 ஆம்பியர்-அவர். எல்5 என்றால் 353 மி.மீ., 90 அல்லது 95. பேட்டரி உட்காரும் தட்டை அளந்து, இறுக்கும் கிளாம்ப் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னும் மலிவு என்று தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரியை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். உங்கள் காரில் பேட்டரி இருப்பது டிக்கியில், மூடிய இடம். ஏஜிஎம் போட்டாலும் அதன் வாயு வெளியேறும் குழாயை காருக்கு வெளியே கொண்டுபோய் விட்டாக வேண்டும். லித்தியம் இருந்த காரில் அந்தக் குழாய் மாட்டாமலே கிடக்கலாம், தேடிப் பாருங்கள்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ். அந்த முனையில் கிளாம்போடு சேர்ந்து சின்னதாக ஒரு சென்சார் இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உடைந்துவிடும், பேட்டரியில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி அதற்கே போகும். பாசிட்டிவ் முனையில் விபத்து நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்க ஒரு சிறு வெடிமருந்துத் துண்டே வைத்திருக்கிறார்கள், அங்கே சுத்தியல் பக்கமே போகக்கூடாது. வேலை முடியும் வரை டிக்கியை மூடிவிடாதீர்கள், கரண்ட் இல்லாமல் திறப்பது பெரும்பாடு.

அப்புறம் கோடிங். புது பேட்டரி வந்திருக்கிறது, அது ஏஜிஎம், இத்தனை ஆம்பியர்-அவர் என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பழைய லித்தியத்துக்குக் கணக்குப் போட்டே சார்ஜ் செய்துகொண்டிருக்கும், புது பேட்டரி சீக்கிரம் சாகும். ஓபிடி அடாப்டரும் (காரின் கம்ப்யூட்டரோடு பேச அதன் சாக்கெட்டில் மாட்டும் சின்னக் கருவி) ஃபோனில் ஒரு ஆப்பும் இருந்தால் நீங்களே செய்யலாம். பழக்கமில்லை என்றால் ஐரோப்பிய கார்கள் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் காசு கொடுங்கள்.

நீங்கள் வாரம் ஒரு முறைதான் எடுப்பதாகச் சொல்வதுதான் எனக்குக் கவலை. பூட்டி அரை மணி நேரம் கழித்து கார் இழுக்கும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும், அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர்தான். டேஷ் கேமராவோ பின்னால் சேர்த்த ஜிபிஎஸ்ஸோ அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் போய்விடும், எந்த பேட்டரியும் ஒரு வாரம் தாங்காது. அதைக் கண்டுபிடிக்காமல் புது பேட்டரி வாங்காதீர்கள்.

கேள்வி: போர்ஷே 911, 991 மாடல். பேட்டரி முன் மூடிக்குக் கீழே இருக்கிறது, அது சுத்தமாக இறங்கிவிட்டதால் மூடியே திறக்கவில்லை. உடைக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: ஐயோ, உடைக்க வேண்டாம்! கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் ஃபியூஸ் பெட்டி இருக்கும். அதில் வெளியே இழுக்கக்கூடிய பாசிட்டிவ் முனை ஒன்று உண்டு. வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை அதிலும், நெகட்டிவைக் கதவுக் கீல் போன்ற வெறும் உலோகத்திலும் கொடுத்துவிட்டு, சாவியில் முன் மூடிக்கான பட்டனை அழுத்துங்கள். அலாரம் அலறினால் பயப்படாதீர்கள், சாவியால் பூட்டித் திறந்தால் நின்றுவிடும். அந்த முனை மூடியைத் திறக்க மட்டும்தான், அதில் கொடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள்.