முறுக்குக் கடை அக்காவின் 130 ரூபாய்

அன்புள்ள சார்,

நான் உடுமலையில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. எட்டு மாதமாக ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆங்கிலம் பேசிப் பழகுவதற்கு ஒரு சிறு கூட்டம் நடத்துகிறேன். கட்டணம் இல்லை. தொடங்கியபோது 14 பேர் வந்தார்கள். கல்லூரி மாணவர்கள், ஒரு மில் சூப்பர்வைசர், தெருமுனையில் முறுக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா என்று பலதரப்பட்டவர்கள். வாரம் ஒரு தலைப்பு கொடுப்பேன் (புவி வெப்பமயமாதல், என் லட்சியம் போல). தவறாகப் பேசினால் உடனே திருத்திவிடுவேன். தமிழ் வார்த்தை வந்தால் உண்டியலில் 5 ரூபாய் போட வேண்டும் என்று ஒரு விதியும் உண்டு. இதுவரை 340 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதில் 130 அந்த அக்கா போட்டது. கடைசியாக வந்த அன்று முறுக்கு மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து ஒரே மூச்சில் ஏழு தமிழ் வார்த்தை! அதன்பிறகு அவர் வரவில்லை. இப்போது ஐந்து பேர்தான் வருகிறார்கள். முறையான பாடப்புத்தகம் இல்லாததுதான் குறை என்று நினைக்கிறேன். எந்தப் புத்தகத்தைப் பின்பற்றலாம்? நல்ல உச்சரிப்பு உள்ளவர்களை அழைத்து வந்து பேச வைத்தால் பயன் இருக்குமா?

— ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தைப் படித்து மூன்று நாளாகிறது. பைசா வாங்காமல், விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து, மாடியைப் பெருக்கிப் பாய் விரித்து ஊராருக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம் கோபித்துக்கொள்ள நான் யார் என்று பேசாமல் இருந்தேன். ஆனால் அந்த 130 ரூபாய் என்னை விடவில்லை.

உச்சரிப்புக்கு ஆள் தேட வேண்டாம். உங்கள் ஆட்கள் நாளைக்கு ஆங்கிலம் பேசப்போவது திருப்பூருக்கு வரும் ஒடிசா தொழிலாளியோடும், பெங்களூர் மேனேஜரோடும், துபாயில் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸோடும்தான். புரிகிற மாதிரி பேசினால் போதும். புத்தகம், எதுவானாலும் சரி. இல்லாவிட்டாலும் சரி.

இப்போது உண்டியலுக்கு வருகிறேன். 5 ரூபாய் வீதம் 130 என்றால் 26 வார்த்தை. அந்த அக்கா 26 இடங்களில் தன் ஆங்கிலத்தின் எல்லை வரை நடந்து போய், அதற்கு மேல் வழி இல்லாமல் தமிழைப் பிடித்துக்கொண்டு தாண்டியிருக்கிறார். ஒரு வார்த்தையும் பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் எவ்வளவு போட்டான்? ஒன்றும் போட்டிருக்க மாட்டான். அதிகம் பேசத் துணிந்தவரிடம் அதிகம் வசூல் செய்திருக்கிறீர்கள். "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்ற கேள்விதான் இந்த மாதிரிக் கூட்டத்தின் உயிர். அதற்கே கட்டணம் வைத்துவிட்டால் அப்புறம் எதற்கு மாடி ஏறி வர வேண்டும்? மெரில் ஸ்வைன் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் இதைத்தான் விளக்கினார். கேட்டுக்கொண்டே இருந்தால் தெரியாத இடைவெளி, வாய் திறந்து பேச முயலும்போதுதான் தெரிகிறது என்பது அவர் வாதம். இடைவெளி தெரிகிற அந்தக் கணத்தில் நீங்கள் உண்டியலை நீட்டியிருக்கிறீர்கள். தமிழில் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிகளின் வழக்கம் அது. அதை வீட்டு மாடிக்கும் கொண்டுவர வேண்டுமா?

ஆனால் எனக்கு உண்டியலைவிடப் பெரிய வருத்தம் வேறொன்றில். "உடனே திருத்திவிடுவேன்" என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்களே, அதில்தான். அந்தப் பெருமை எனக்கும் இருந்தது.

1996ல் திண்டுக்கல்லில் இதே போல ஒரு கூட்டம் நடத்தினேன். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஞாயிறு மதியம் இடம் கொடுத்தார்கள். மிஷின்களுக்கு உறை போட்டிருக்கும். ஸ்டூல்களை வட்டமாக இழுத்துப் போட்டு உட்காருவோம். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. நான்காவது வாரம், யாரும் கேட்காமலே, தானாக ஆரம்பித்தார். அவர் அப்பாவைப் பற்றி. தினமும் டிவிஎஸ் 50ல் கடைவாசலில் கொண்டுவந்து விடுவாராம். கர்ச்சீப்பை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாக வைத்தார். அப்புறம், "மை ஃபாதர் எக்ஸ்பயர்ட், த்ரீ மந்த்ஸ் பேக்" என்றார்.

நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். மனிதர்களுக்கு எக்ஸ்பயர்ட் என்று சொல்லக் கூடாது, டைட் என்றோ பாஸ்ட் அவே என்றோ சொல்ல வேண்டும் என்றேன். அதோடு விட்டேனா? மெடிக்கல் ஷாப்பில்தானே இருக்கிறீர்கள், எக்ஸ்பயரி மாத்திரை அட்டைக்குத்தானே என்றும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சாரி சார்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

பல வருடம் கழித்து ஒரு நாள் அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். லத்தீனில் அந்தச் சொல்லின் வேருக்கு மூச்சை வெளியே விடுதல் என்று பொருள். கடைசி மூச்சு விடுதல், இறத்தல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் நூற்றாண்டுகளாக இருக்கிற சொல் அது. நம் மருத்துவமனைகளில் கேஸ் ஷீட்டில் எழுதுவதும் அதைத்தான். அந்தப் பெண் ஒருவேளை அப்பாவின் காகிதத்தில் அந்த வார்த்தையைப் படித்திருக்கலாம். தப்பே இல்லாத ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன். தப்பாகவே இருந்திருந்தாலும், அப்பா செத்துப்போனதைச் சொல்லிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது? டிவிஎஸ் 50க்கு அப்புறம் அவர் என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, மனசு நோகாமல் நயமாகத் திருத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ராய் லிஸ்டர், லெய்லா ராண்டா என்ற இருவர், கனடாவில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் பாடம் நடக்கும் வகுப்புகளைப் பதிவு செய்து 1997ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் ஒரே வகை. பிள்ளை தப்பாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்வது. அப்படிச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடப் பிள்ளைகள் எதிர்வினை காட்டவில்லை. காதில் விழுந்து அப்படியே போய்விட்டது. நீயே இன்னொரு முறை சொல்லிப் பார் என்று பிள்ளையிடமே விட்டபோது பலன் இருந்தது. ஆகவே திருத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது வகுப்பறை வேலை, அதற்கு இடமும் நேரமும் உண்டு என்கிறேன்.

இன்னொன்று. ஹி கோஸ் என்பதற்கு ஹி கோ என்று சொன்னால் உங்களுக்குப் பொறுக்காது, தெரியும். ஆனால் 1974ல் டூலே, பர்ட் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள், ஆங்கிலம் கற்கும் ஸ்பானிய மொழிக் குழந்தைகளையும் சீன மொழிக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். வீட்டு மொழி வேறு வேறு. ஆனாலும் இலக்கண உருபுகள் கைவரும் வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கோயிங்கில் வரும் இங் சீக்கிரம் வருகிறது. கோஸில் வரும் அந்த ஸ் கடைசிப் பந்தியில்தான் வருகிறது. மில் சூப்பர்வைசர் 'டெய்லி ஐ ஆம் கோயிங்' என்பதும் அறியாமையால் அல்ல. தமிழில் 'போகிறேன்' என்ற ஒரே சொல் தினமும் போவதற்கும் ஆகும், இப்போது போவதற்கும் ஆகும். அந்த மூளை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. கொஞ்ச காலம் விடுங்கள்.

கை பரபரத்தால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். காதில் விழும் தப்புகளைக் குறித்துக்கொண்டு, கூட்டம் முடிகிற கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டே இரண்டை எடுங்கள். யார் சொன்னது என்று சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

தலைப்பு விஷயமும் இருக்கிறது. என் லட்சியம் என்று கேட்டால் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த கட்டுரைதான் வரும். அதோடு 14 பேருக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆளுக்கு நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான், அதுவும் நீங்கள் வாயே திறக்காமல் இருந்தால். நான்கு நான்கு பேராகப் பிரித்து உட்கார வையுங்கள்.

இந்த வாரமே உண்டியலைத் திறந்துவிடுங்கள். 210 ரூபாய்க்கு வருகிறவர்களுக்கு டீயும் வடையும் வாங்குங்கள். 130ஐத் தனியாக எடுத்துக்கொண்டு அக்காவின் கடைக்குப் போங்கள். கையில் கொடுத்து, வாங்கினது தப்பு என்று சொல்லுங்கள், தமிழிலேயே. அவர் வேண்டாம் என்பார். வற்புறுத்திக் கொடுங்கள். அப்புறம், அன்றைக்கு மாவைப் பற்றி என்ன சொல்ல வந்தார் என்று கேளுங்கள். பதம் கையில் எப்படித் தெரியும், வெண்ணெய் கூடினால் எண்ணெயில் ஏன் பிரிந்து போகிறது, எல்லாவற்றையும் அவர் எந்த மொழியில் சொன்னாலும் முடிக்கிறவரை கேளுங்கள். மாலையில் அடுப்பு மூட்டிவிட்டால் அவருக்குப் பேச நேரம் இருக்காது. மூன்று மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.