ஹேண்டில்பாரைத் திருப்பினால் மட்டும் ஐடிலிங் ஏறுகிறதா?

புது ஆக்ஸிலரேட்டர் கேபிள் போட்டபின், ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் எஞ்சின் வேகம் ஏறுகிறது என்றால் கார்புரேட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். கேபிள் இழுபடுகிறது. ஐடிலிங் ஸ்க்ரூவை (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) இப்போதைக்குத் தொடாதீர்கள்.

பெரும்பாலும் பழைய கேபிள் போன வழியில் புதியது போயிருக்காது. டேங்கைக் கழற்றி, ஹேண்டில்பாரின் கழுத்தருகே அது எங்கும் சிக்காமல், நெளியாமல் போகிறதா என்று பாருங்கள். கேபிள் உறையின் நுனி அட்ஜஸ்டர் (கேபிளின் தளர்வைக் கூட்டிக் குறைக்கும் திருகு) குழிக்குள் முழுசாக உட்காராமல் விளிம்பில் ஏறி நின்றாலும் இதே தொல்லைதான். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள்.

வழி சரியாக இருந்தால், அட்ஜஸ்டரை அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரை உள்ளே திருகுங்கள். கேபிள் இழுபடத் தொடங்கும் முன் ஆக்ஸிலரேட்டர் பிடி அதன் விளிம்பில் 2 முதல் 6 மி.மீ. வரை சும்மா சுற்ற வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. அப்புறம் நட்டை இறுக்கி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் மாறவே கூடாது.

முக்கியமாக, பிடியை விட்டதும் அது டக்கென்று தானாக மூட வேண்டும். ஏதாவது ஒரு கோணத்தில் மூடாமல் நின்றால்கூட வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.