கம்பைல் ஆகவில்லை என்றால் பாஸ் போட்டுவிடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் சிறிய குழு அடா என்ற நிரல்மொழியின் கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) ஒன்றைப் புதிய பிராசசருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. அடா கம்பைலர் மொழித் தரநிலைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஏகேட்ஸ் (ACATS) சோதனைத் தொகுப்பின் முடிவுகளைக் கையால் திருத்தி மதிப்பெண் போட்டால் மாதக் கணக்காகும் என்று வெளியாள் ஒருவரிடம் ஸ்கிரிப்ட் எழுதி வாங்கினோம். முதல் ஓட்டத்திலேயே பி வகுப்புச் சோதனைகள் எல்லாம் பாஸ் என்று காட்டுகிறது. இதை நம்பி வாடிக்கையாளருக்கு அறிக்கை கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டைப் படித்தேன். அதில் இருப்பது ஒரே ஒரு விதி: பி சோதனையைக் கம்பைலரிடம் கொடு, அது பூஜ்யம் இல்லாத எண்ணோடு (கம்பைல் ஆகவில்லை என்பதன் அடையாளம்) வெளியே வந்தால் பாஸ் என்று எழுது. பாதிப் பிழைகளைக் கோட்டைவிடும் கம்பைலரையும் இந்த விதி பாஸ் ஆக்கிவிடும்.

ஏகேட்ஸில் சோதனைப் பெயரின் முதல் எழுத்துதான் அதன் வகுப்பு. சி வகுப்பு, ஓடிக் காட்ட வேண்டிய நிரல். பி வகுப்பு, வேண்டுமென்றே தப்பாக எழுதிய நிரல். ஒரே கோப்பில் பல தப்புகள் இருக்கும். தப்பான வரியின் ஓரத்தில் ‘எரர்’ என்று குறித்திருப்பார்கள். தப்பு போலத் தெரிந்தாலும் மொழி அனுமதிக்கிற வரியில் ‘ஓகே’ என்று இருக்கும். உதாரணத்துக்கு, 14ஆம் வரியில் முழு எண் மாறிக்குள் ஒரு சரத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள்: எரர். 17ஆம் வரியில் அதே மாறிக்குள் அதன் துணைவகை மதிப்பு ஒன்று: ஓகே. கம்பைலர் 14இல் சத்தம் போட வேண்டும், 17இல் பேசாமல் இருக்க வேண்டும். ஒரு தப்பை மட்டும் பிடித்துவிட்டு மற்றதையெல்லாம் விட்ட கம்பைலரும் பூஜ்யம் இல்லாத எண்ணோடுதான் வெளியே வரும். 17ஆம் வரியைத் தப்பு என்று சொல்லும் கம்பைலரும் அப்படித்தான் வரும்.

இதைவிட மோசமானது, கம்பைலர் நடுவழியில் தானே செத்து விழுவது. அதுவும் பூஜ்யம் இல்லாத எண்தான், அதற்கும் உங்கள் ஸ்கிரிப்ட் பாஸ் போடும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு வாரம் முழுக்க பி வகுப்பு சுத்தமாகப் பாஸ் ஆகிக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால், மற்றவற்றுக்கு முன்னால் கம்பைல் செய்ய வேண்டிய துணைக் கோப்புகள் கம்பைல் ஆகவே இல்லை. அவற்றைக் கேட்ட சோதனைகளெல்லாம் ‘அந்த யூனிட் கிடைக்கவில்லை’ என்று முதல் வரியிலேயே நின்றிருந்தன. அந்த வாரத்து அறிக்கை மூன்று பேர் கையெழுத்தோடு மேலே போய்விட்டிருந்தது. திருப்பி வாங்க நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே, கம்பைலரைச் சோதிக்கும் முன் திருத்தியை, அதாவது பாஸ், ஃபெயில் போடும் ஸ்கிரிப்டைச் சோதியுங்கள். இரண்டு பொய்க் கம்பைலர்கள் எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் நாலு வரிதான். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் முதல் வரியில் ஒரு பிழை சொல்லிவிட்டு 1 என்ற எண்ணோடு வெளியே வருவது ஒன்று. கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியிலும் பிழை சொல்வது இன்னொன்று. நல்ல திருத்தி முதலாவதை எரர் வரிகளில் பிடிக்கும், இரண்டாவதை ஓகே வரிகளில் பிடிக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுக்கும்.

சரியான திருத்தியை நீங்கள் எழுதவும் வேண்டாம், யாரிடமும் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். 4.1 பதிப்பிலிருந்து ஏகேட்ஸ் தொகுப்போடு அது இலவசமாகவே வருகிறது. ஒரு கருவி சோதனைக் கோப்புகளைப் படித்து, எந்த வரியில் பிழை வர வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிக்கும். இன்னொன்று, உங்கள் கம்பைலர் என்ன செய்தது என்ற பதிவை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும். உங்கள் வேலை நடுவில் உள்ளது மட்டும்: எப்போது கம்பைல் தொடங்கியது, எந்தக் கோப்பில் எந்த வரியில் பிழை சொன்னது, எப்போது முடிந்தது என்பதைக் காற்புள்ளி பிரித்த வரிகளாக எழுதிக் கொடுப்பது. பிழைச் செய்தியின் வாசகத்தைத் தேடாதீர்கள். அடுத்த பதிப்பில் யாராவது ஒரு சொல்லை மாற்றினால் எல்லாம் சரிந்துவிடும். இடத்தைப் பாருங்கள். அந்தக் கருவிகளும் அடாவில் எழுதியவைதான். அவற்றை உங்கள் புதுக் கம்பைலரில் கட்டாமல், நம்பகமான வேறொரு கம்பைலரில் கட்டுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பலரும் தடுக்கி விழுவது இதில்தான். ஒரு பிழையைப் பார்த்த கம்பைலர் குழம்பிப்போய், அடுத்து வரும் நல்ல வரியையும் தப்பு என்று சொல்லக்கூடும். அல்லது தொடரியல் பிழையை (வாக்கிய அமைப்பில் உள்ள தப்பை) கண்டதும் பொருள் சார்ந்த பிழைகளைத் தேடாமலே நின்றுவிடும். நாட் (GNAT) என்ற அடா கம்பைலரையே எடுத்துக்கொள்ளுங்கள்: சும்மா ஓட்டினால் ஒரே வரியில் வரும் இரண்டாவது பிழையை மறைத்துவிடும், தொடரியல் பிழை இருந்தால் அத்தோடு நிற்கும். எஃப் என்று முடியும் சுவிட்ச் போட்டால் எல்லாப் பிழையும் வரும். க்யூ என்று முடியும் சுவிட்ச் போட்டால் நிற்காமல் மேலே போகும். உங்கள் கம்பைலரிலும் இப்படி ஏதாவது இருக்கும், முதலில் அதைப் போடுங்கள். அப்படியும் தீராவிட்டால் சோதனையைத் துண்டு துண்டாகப் பிரிக்க விதி இடம் கொடுக்கிறது. ஆனால் மூலக் கோப்பில் இருந்த ஒவ்வொரு பிழையும் ஏதாவது ஒரு துண்டில் இருந்தாக வேண்டும், நல்ல வரிகளையும் கைவிடக் கூடாது, அதிகாரபூர்வ மதிப்பீடு என்றால் சோதனைக்கூடத்தின் ஒப்புதலும் வேண்டும். இந்தச் சலுகையைப் பயன்படுத்தித் தொல்லை தரும் வரியைச் சத்தமில்லாமல் தூக்கிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரித்த துண்டுகளில் உள்ள எரர் குறிப்புகளை எண்ணுங்கள், மூலத்தில் உள்ளதையும் எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சோதனையைப் பாஸ் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சி வகுப்பு சுலபம் என்பார்கள், நிரலே ஓடி முடிந்ததும் ‘பாஸ்டு’ என்று அச்சடித்துவிடும் என்பதால். உங்கள் ஸ்கிரிப்ட் அந்தச் சொல்லைத்தான் தேடுகிறது. ‘டென்டேட்டிவ்லி பாஸ்டு’ என்றும் ஒரு முடிவு உண்டு. வரித் தொடக்கத்தில் ஆச்சரியக்குறிகளோடு வரும், ஒரு மனிதர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று அர்த்தம். அதற்குள்ளும் ‘பாஸ்டு’ என்ற சொல் இருக்கிறதே! வரியின் தொடக்கக் குறியைப் பாருங்கள்: சமக்குறிகள் என்றால் பாஸ், நட்சத்திரம் என்றால் ஃபெயில், கூட்டல்குறி என்றால் அந்தச் சோதனை உங்கள் கம்பைலருக்குப் பொருந்தாது. எந்த வரியும் வராமல் நிரல் தொங்கினால் அது ஃபெயில்.

இந்தத் துறையில் சுற்றும் இடைத்தரகர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்றைய வெளியீட்டை அப்படியே சேமித்து வைத்து, நாளைக்கு அதே மாதிரி வந்தால் பாஸ் என்று சொல்லும் அமைப்பைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று அறிய அது உதவும். தரநிலைக்குப் பொருந்துகிறதா என்று அறிய உதவாது, ஏனென்றால் இன்றைய பிழையே அதில் நாளைய சரியான விடை. இன்னும் சிலர் ‘சான்றிதழ் வாங்கித் தருகிறோம்’ என்று வருவார்கள். அடா கம்பைலர்களை மதிப்பிடுவதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 18009 சொல்லும் நடைமுறை 1999இலிருந்து இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சான்றிதழ் குறிப்பிட்ட கம்பைலர் பதிப்பு, அது ஓடும் கணினி, அது நிரல் உண்டாக்கும் இலக்குக் கணினி ஆகியவற்றுக்கு மட்டும். பழைய பிராசசருக்கு வாங்கியதைப் புதியதற்குக் காட்ட முடியாது. 1983 ஏப்ரலில் முதலில் சான்று பெற்றது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அடா-எட். அது நிரலை ஓட்டும்போதே படித்துச் செய்யும், மிக மெதுவாக ஓடும் இன்டர்பிரெட்டர். வேகத்தையும் தரத்தையும் இந்தச் சான்று அளப்பதில்லை.

இத்தனைக்குப் பிறகும் டெண்டர் படிவத்தில் ‘பாஸ் சதவீதம்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் இவ்வளவு போலி ஸ்கிரிப்டுகளும் பிறக்கின்றன. பொருந்தாத சோதனையைக் கழித்தீர்களா, சேர்த்தீர்களா என்று கேட்க அதில் இடமே இல்லை. வருஷக் கணக்காகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் மாற்றுவதாக இல்லை. நீங்கள் தனித்தாளில் ஐந்து எண்களையும் கொடுங்கள்: பாஸ், ஃபெயில், பொருந்தாது, மனிதர் பார்க்க வேண்டியது, ஓட்டவே முடியாதது. நான்காவது எண்ணில் உள்ள ஒவ்வொன்றையும் யார் எந்தத் தேதியில் பார்த்தார் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

வெளியாளுக்கு மீதிப் பணம் பாக்கி இருந்தால், அவர் முன்னாலேயே இரண்டு பொய்க் கம்பைலர்களையும் அவருடைய ஸ்கிரிப்டில் ஓட்டிக் காட்டுங்கள். பிறகு கணக்கை முடிக்கலாம்.