சூழலுக்குக் கேடில்லாத துணியில் உடை தைத்து விற்க, எந்தச் சான்றிதழைப் பார்த்துத் துணி வாங்க வேண்டும்?

கேட்டவர் கோலாலம்பூரில் இருக்கிறார். இயற்கைப் பருத்தியிலும் மூங்கில் துணியிலும் குர்தா தைத்து இணையத்தில் விற்கப் போகிறாராம். "நெறிமுறையான தயாரிப்பு" என்று போட்டுக்கொள்ள என்ன சான்றிதழ் வேண்டும் என்கிறார். கேள்வியில் பருத்தி வருகிறது, சாயம் வருகிறது, பட்டுப்புழுவின் உயிர்கூட வருகிறது. தைக்கப் போகிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பினாங்கில் தையல் கடை வைத்திருப்பவள். அதற்கு முன்பு பாயான் லெப்பாஸில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் ஆபரேட்டராகச் சேர்ந்து, தரப் பரிசோதனை வரை போனேன். பேஷன் டிசைன் படித்தவள் இல்லை. படித்தவர்கள் திருத்த நினைத்தால் தாராளமாகத் திருத்தலாம்.

முதலில், கேட்டதற்குப் பதில். பருத்திக்கு எல்லாரும் கேட்பது, வியாபாரிகள் 'கோட்ஸ்' (GOTS) என்று சொல்லும் உலகளாவிய இயற்கை ஜவுளித் தரம். அதில் இரண்டு படிகள். 95 சதவீதமாவது இயற்கை முறையில் விளைவித்த நார் இருந்தால்தான் 'இயற்கை' என்று மட்டும் போடலாம். 95க்குக் கீழே, 70 சதவீதம் வரை என்றால், இத்தனை சதவீதம் இயற்கை நார் என்று அளவைச் சொல்லியாக வேண்டும். துணிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சான்றிதழைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அந்த ஆலைக்கு அப்படித் தயாரிக்கத் தகுதி உண்டு என்று சொல்லும் தாள் அது, ஓராண்டுக்குச் செல்லும். உங்களுக்கு வருகிற சரக்கு அந்தத் தகுதிப்படி தயாரானதுதானா என்பதற்கு, வாங்குபவர் பெயரும் பில் எண்ணும் எடையும் போட்ட பரிவர்த்தனைச் சான்றிதழ் என்று தனியாக ஒன்று உண்டு. அதைக் கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால் வேறு இடம் பாருங்கள். 2020 அக்டோபரில் இந்தியாவில் 20,000 டன் பருத்தி, போலிச் சான்றிதழோடு இயற்கைப் பருத்தியாக உலவியதை அந்த அமைப்பே வெளியிட்டு, 11 நிறுவனங்களைத் தடை செய்தது. தாளை நம்பி வாங்கிய எத்தனை பேர் அன்றைக்குத் தலையில் கை வைத்திருப்பார்கள்!

மூங்கில் துணியை விட்டுவிடுங்கள். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்பைடும் சேர்த்துக் கரைத்து நூலாக இழுக்கிறார்கள். கடையில் கிடைக்கும் மூங்கில் துணியில் பெரும்பகுதி இப்படி வந்த விஸ்கோஸ்தான். அந்தக் கார்பன் டைசல்பைடு ஆலைத் தொழிலாளியின் நரம்பைக் கெடுக்கக்கூடியது. அமெரிக்காவில் 2022இல் கோல்ஸ், வால்மார்ட் இரண்டும் ரேயானை, அதாவது இந்த விஸ்கோஸ் வகைத் துணியை, மூங்கில் என்று விற்றதற்காகச் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. உங்கள் இணையக் கடையை யாரும் அப்படிப் பிடிக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

சாயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நொய்யல் ஆற்றில் கழிவை விட்டதற்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் மறுபடி திறக்க விட்டார்கள். அந்தச் சுத்திகரிப்புக்குச் செலவு அதிகம், அது துணி விலையில் ஏறியிருக்கும். மற்றவர்களைவிட ஒருவர் பாதி விலை சொன்னால், எந்தச் செலவை அவர் செய்யவில்லை என்று விசாரியுங்கள்.

இனி என் பேச்சு. துணிக்கு எவ்வளவு பெரிய சான்றிதழ் இருந்தாலும், என் கத்தரி அதில் பட்டதும் அந்தச் சான்றிதழின் ஆட்சி முடிந்தது. வெட்டித் தைக்கிற இடமும் சான்றிதழ் பெற்றிருந்தால்தான் தைத்த உடுப்பில் அந்த முத்திரையைப் போடலாம் என்பது விதி. என் போன்ற இரண்டு மெஷின் கடை எதுவும் அதைப் பெறப் போவதில்லை, கட்டணம் கட்டி மாளாது. ஆகவே விதை முதல் சாயம் வரை ஆள் வைத்துப் பார்த்தவர்கள், தையலுக்கு வரும்போது யாரும் பார்க்காத இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். செலவைக் குறைக்க எல்லாரும் கை வைப்பது அங்கேதான்.

சென்ற தீபாவளிக்கு முன்பு ஒரு பெண் வந்தாள். நல்ல படிப்பு, நல்ல பேச்சு. திருப்பூரிலிருந்து வரவழைத்த பருத்தி, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். குர்தா தைக்க வேண்டும், உள்பக்கம் ஓரப் பிசிறைக் கட்டும் ஓவர்லாக் தையல் தெரியக்கூடாது, பிரெஞ்சு சீம் வேண்டும் என்றாள். தைக்காதவர்களுக்குச் சொல்கிறேன்: துணியை நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்து ஒரு தையல் போட வேண்டும். ஓரத்தை நூலளவுக்கு விட்டு நறுக்கி, திருப்பி, இஸ்திரி போட்டு, பிசிறு உள்ளே போகும்படி மறுபடி ஒரு தையல். குர்தாவுக்குப் பக்கவாட்டில் திறப்பு உண்டல்லவா? அந்தத் திறப்பு தொடங்கும் முனையில் இந்தத் தையலை நிறுத்தி, சிறு வெட்டுக் கொடுத்து, ஓரத்தை மடித்துத் திருப்ப வேண்டும். ஒரு இழை கூடுதலாக வெட்டினால் அந்த இடத்தில் துணி கிழியும். கழுத்துப் பட்டி, காஜா, கைமடிப்பு எல்லாம் சேர்த்து, வேகமான கைக்கும் இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

"அக்கா, ஒன்றுக்குப் பதினெட்டு வெள்ளி (ரிங்கிட்) தருகிறேன். இது நல்ல நோக்கத்துக்கான வேலை, பார்த்துச் செய்யுங்கள்" என்றாள். விற்கப் போவது 260 வெள்ளிக்கு என்று அவளே பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

கணக்குப் பாருங்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. 2025 ஆகஸ்டிலிருந்து என்னைப் போன்ற சிறு கடைகளுக்கும் அது கட்டாயம். மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. இரண்டு மணி நேரத்துக்கு 17 வெள்ளி 44 காசு. மீதி 56 காசில் நூல், மின்சாரம், மெஷின் எண்ணெய், கடை வாடகை, இபிஎப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி எல்லாம் முடிய வேண்டும். எனக்கு என்று எதுவும் வேண்டாம், நோக்கம் நல்லதாயிற்றே!

நான் 38 சொன்னேன். முகம் சுருங்கிப் போனாள். "இவ்வளவு கொடுத்தால் எனக்குக் கட்டுப்படியாகாது அக்கா" என்று துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வேலை பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தே தைக்கும் ஒரு பெண்ணுக்குப் போனது. எனக்குப் பழக்கமானவர்தான். கூலி பதினைந்து வெள்ளி. பிறகு அந்தக் குர்தாவை இன்ஸ்டாகிராமில் பார்த்தேன், கீழே "கைவினைஞர்களுக்கு நியாயமான கூலி" என்று எழுதி ஓர் இலைப் படம் போட்டிருந்தார்கள்.

தையல்காரி தன் கூலிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று கீழே சிலர் எழுதுவார்கள். வாங்கத்தான் செய்கிறேன், வேறு யார் வாங்குவார்கள்? சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்வதாகவும் திரிக்காதீர்கள். அது எதுவரை பேசும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

தெரிந்துகொண்டது தொழிற்சாலையில். அங்கே ஒவ்வொரு கட்டுத் துணியோடும் ஒரு டிக்கெட் சீட்டு வரும். காலர் வைத்தவள் காலருக்கான துண்டைக் கத்தரித்துத் தன் அட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் கிளார்க் அதை எண்ணித்தான் கூலி எழுதுவார். விசிறிக் காற்றில் ஒரு துண்டு பறந்தால் அந்தக் கட்டின் கூலியும் பறந்தது, மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடும் பெண்களை எந்நேரமும் பார்க்கலாம். வெளிநாட்டு பிராண்டிலிருந்து ஆடிட் வருகிறது என்றால் எங்களுக்கு முந்தின நாளே தெரியும். அவசர வழிக் கதவை அடைத்துக்கொண்டிருந்த அட்டைப்பெட்டிகள் லாரி ஏறிவிடும். பஞ்சுத் தூசிக்கு முகமூடி அன்று மட்டும் மேசைக்கு மேசை வரும். அலுவலக இரும்புப் பெட்டியில் கிடந்த வெளிநாட்டுப் பெண்களின் பாஸ்போர்ட்டுகளைக் காலையில் அவரவர் கையில் கொடுப்பார்கள், ஆடிட்டர் கார் வாசலைத் தாண்டியதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிறர் பாஸ்போர்ட்டை இப்படி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படியே குற்றம். ஆடிட்டர் கோப்புகளைப் புரட்டி, நல்ல காபி குடித்து, தேர்ச்சி என்று எழுதிவிட்டுப் போவார். டாக்காவுக்கு அருகே 2013 ஏப்ரல் 24 அன்று ரானா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அந்தக் கட்டடத்தில் இருந்த தொழிற்சாலைகளில் இரண்டு, தொழிலாளர் நிலையைப் பார்க்கும் சமூகத் தணிக்கையை முடித்தவை. செய்தியில் அதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த உலக ஜவுளிக் கோட்டா 2005 ஜனவரியோடு ஒழிந்தது. ஆர்டர் எங்கே கூலி குறைவோ அங்கே போனது. எங்கள் தையல் லைனும் கலைந்தது. நான் மெஷின் வாங்கி ஜார்ஜ்டவுனில் கடை போட்டேன்.

கடை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2008இல் ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தார்கள், எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகு கீழ்த்தளக் கடைகள் ஒவ்வொன்றாகக் காபிக் கடையாகின்றன. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிய ஏற்றத்தில் நான் மாடிக்குப் போனேன். இப்போது சுற்றுலா வருபவர்கள் மாடிப்படி ஏறி வந்து, என்னிடம் கேட்காமலே என் பழைய மிதி மெஷினைப் படம் எடுக்கிறார்கள். ஒருவர் என்னையே சற்று நகர்ந்து உட்காரச் சொன்னார், வெளிச்சம் மறைக்கிறதாம். பாரம்பரியம் என்று அவர்கள் படம் எடுப்பது சுவரையும் மெஷினையும்தான். ஒரு பொத்தான்கூட யாரும் தைத்துக்கொண்டு போனதில்லை. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் மோட்டார் சைக்கிள் நிறுத்தி வயதானவர்களைச் சாலையில் இறக்கி நடக்க விடுகிறவர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். துணிக்காரரிடம் பரிவர்த்தனைச் சான்றிதழைக் கேளுங்கள், அதில் உள்ள பெயரைக் கோட்ஸ் இணையதளத்தில் தேடிச் சரிபாருங்கள். மூங்கிலைத் தள்ளுங்கள். முழுக்க மக்கும் உடுப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். நாங்கள் தைப்பது பாலியஸ்டர் நூலில், பருத்தி நூல் வேக மெஷினில் அறுந்துகொண்டே இருக்கும். விலை போடும்போது தையல் கூலியைக் கடைசியில் மிஞ்சுவதிலிருந்து எடுக்காமல் முதலிலேயே எழுதிவையுங்கள். தைப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குர்தா முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள், பிறகு பேரம் பேச மனம் வந்தால் பேசுங்கள்.

என்னிடம் தைக்க நினைத்தால் தீபாவளி முடிந்து வாருங்கள், அதற்கு முன் ரவிக்கை வேலையில் தலை நிமிர நேரமிருக்காது. வரும்போது துணியை ஒருமுறை தண்ணீரில் முக்கி உலர்த்திக்கொண்டு வாருங்கள். சான்றிதழ் இருந்தாலும் பருத்தி சுருங்கத்தான் செய்யும்.